வாசலில் கார் நிறுத்த இடமில்லாதவருக்கு மின்சார கார் கட்டுப்படியாகுமா?

மின்சார காரைப் பற்றிப் பேசும்போது, "இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டால் போதும், காலையில் கார் தயார்" என்று சொல்வது வழக்கம். கார் நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இதைத்தான் பார்க்கிறோம். விசாலமான வீடு, வாசலில் சொந்த இடம், சுவரில் பொருத்திய சார்ஜர். இந்த மூன்றும் உள்ளவருக்கு அது உண்மைதான்.

ஆனால் மாநகரங்களில் வாழும் மக்களில் பெரும் பகுதியினருக்கு இந்த வசதி இல்லை. அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், வரிசை வீட்டில் வசித்து காரைத் தெருவில் நிறுத்துபவர், வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியவர், இவர்களெல்லாம் எங்கே சார்ஜ் போடுவது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் உலகின் பல நகரங்கள் தெருவோரத்திலேயே சார்ஜர்களை அமைத்து வருகின்றன. இதில் நீண்ட அனுபவம் உள்ள லண்டனை முன்வைத்து, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதில் யாருக்கு லாபம், யார் தலையில் சுமை என்பதைப் பார்ப்போம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்வதால், இது நம்மவர்கள் பலருடைய வீட்டு வரவு செலவையும் தொடும் விஷயம்.

சிக்கல் யாருக்கு?

லண்டனில் பழைய குடியிருப்புத் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். வாசற்படியை விட்டு இறங்கினால் நடைபாதை, அதைத் தாண்டினால் சாலை. கார் நிற்பது சாலையோரத்தில். இன்று வீட்டுக்கு எதிரே இடம் கிடைக்கலாம். நாளை பத்து வீடு தள்ளித்தான் கிடைக்கும். லண்டன் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொந்த வளாகத்தில் கார் நிறுத்த வழியில்லை.

இவர்களால் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் முடியாது. பெட்ரோல், டீசலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2030இல் நிறுத்துவது என்று பிரிட்டன் அரசு முடிவு செய்துள்ளது. பழைய கார்களை ஓட்டவோ விற்கவோ தடை இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் மின்சார கார்களே அதிகமாக வரத் தொடங்கும். புதுக் கார் வாங்க இயலாத குடும்பங்களும் அப்போது இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

விளக்குக் கம்பத்தில் சார்ஜ்

லண்டன் கண்ட வழிகளில் எளிமையானது, தெருவிளக்குக் கம்பத்தையே சார்ஜராக மாற்றுவது. தெருவிளக்குகளில் பழைய சோடியம் பல்புகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் வந்தபோது மின்சாரத் தேவை வெகுவாகக் குறைந்தது. கம்பத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மின் இணைப்பில் மிச்சம் இருந்தது. கம்பத்தின் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாக்கெட்டைப் பொருத்தி, அந்த மின்சாரத்தைக் காருக்குக் கொடுத்தார்கள். சாலையைத் தோண்ட வேண்டியதில்லை, நடைபாதையில் புதிதாக எதையும் நட வேண்டியதில்லை என்பதால் செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். பெர்லினில் தொடங்கப்பட்ட யூபிட்ரிசிட்டி நிறுவனம் இதில் முன்னோடி. 2021இல் ஷெல் எண்ணெய் நிறுவனம் அதை வாங்கியது. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியிலுள்ள சதர்லாண்ட் அவென்யூவில் 24 கம்பங்களைச் சார்ஜராக மாற்றி, 2020 மார்ச்சில் அந்தத் தெருவுக்கு 'எலெக்ட்ரிக் அவென்யூ' என்று பெயர் சூட்டினார்கள்.

பயன்படுத்தும் முறை எளிது. காருடன் வரும் கேபிளின் ஒரு முனையைக் காரிலும் மறு முனையைக் கம்பத்திலும் செருக வேண்டும். கைபேசியில் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தோ செயலி மூலமோ பணம் கட்ட வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வரை கேபிள் பூட்டப்பட்டிருக்கும், யாரும் உருவிச் செல்ல முடியாது.

இது மெதுவாக ஏறும் சார்ஜர். மணிக்குச் சுமார் 5 யூனிட் வரைதான் கொடுக்கும். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணி நேரத்தில் 40 யூனிட் ஏறும். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 240 கிலோமீட்டர் ஓடலாம். பள்ளிக்கூடம், வேலை, கடை என்று ஓடும் ஒரு குடும்பத்துக்கு இது ஒரு வாரத்துக்கே போதும். கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் நிதானமாகச் சார்ஜ் ஏறினால் பேட்டரிக்கும் நல்லது, மின் கட்டமைப்புக்கும் பாரமில்லை.

எல்லாக் கம்பங்களையும் இப்படி மாற்றிவிட முடியாது. கம்பம் சாலையோர விளிம்பில் இருந்தால்தான் வசதி. பல தெருக்களில் அது நடைபாதையின் உட்புறம், வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும். அங்கிருந்து கேபிளை இழுத்தால் நடைபாதையின் குறுக்கே கிடக்கும். அத்தகைய இடங்களில் சாலை விளிம்பில் சிறு தூண் நட்டு, கம்பத்திலிருந்து தரைக்கடியில் இணைப்புக் கொடுக்கிறார்கள். இவை தவிர, மணிக்கு 7 முதல் 22 யூனிட் வரை தரும் தனிச் சார்ஜர்கள் உண்டு. அரை மணி நேரத்தில் பெருமளவு ஏற்றிவிடும் அதிவேகச் சார்ஜர்களும் பெட்ரோல் நிலையங்கள், பேரங்காடிகள், முக்கியச் சாலைகளில் உள்ளன.

எண்ணிக்கை கூடியது, கட்டணம்?

2024 முடிவில் பிரிட்டன் முழுவதும் 73,000க்கும் மேற்பட்ட பொதுச் சார்ஜர்கள் இருந்தன. அவற்றில் 20,000க்கும் மேல் லண்டனில் மட்டும். 2030க்குள் நாட்டில் 3,00,000 என்பது அரசு 2022இல் அறிவித்த இலக்கு. உள்ளாட்சி மன்றங்கள் தெருவோரச் சார்ஜர் அமைப்பதற்காக இங்கிலாந்தில் 38.1 கோடி பவுண்ட் நிதியும் ஒதுக்கப்பட்டது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை முன்னேற்றம் கண்கூடு.

குறை கட்டணத்தில்தான் இருக்கிறது. ஒரு சராசரிக் குடும்ப கார் ஆண்டுக்குச் சுமார் 11,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 1,830 யூனிட் மின்சாரம் தேவை. சமீப ஆண்டுகளின் விலை நிலவரத்தை ஒட்டி, உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் போடுவோம்.

சொந்த வாசலில் சார்ஜர் வைத்து, மின்சார காருக்கென்றே தரப்படும் நள்ளிரவுச் சலுகைக் கட்டணத்தில் யூனிட் 8 பென்ஸுக்கு வாங்குபவருக்கு ஆண்டுச் செலவு சுமார் 146 பவுண்ட். தெருவோரத்தில் யூனிட் 50 பென்ஸுக்குச் சார்ஜ் போடுபவருக்குச் சுமார் 915 பவுண்ட். யூனிட்டுக்கு 75 பென்ஸ் வாங்கும் அதிவேகச் சார்ஜரை மட்டுமே நம்பியிருப்பவருக்குச் சுமார் 1,370 பவுண்ட். அதே தூரம் ஓட, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 1.40 பவுண்ட் என்றால், சுமார் 1,100 பவுண்ட்.

அதாவது சொந்த வாசல் உள்ளவருக்கு மின்சார கார் பெரும் மிச்சம். தெருவில் நிறுத்துபவருக்குச் சிறு மிச்சம். அதிவேகச் சார்ஜரைத் தவிர வேறு வழியில்லாதவருக்குப் பெட்ரோலைவிட நஷ்டம். ஒரே நகரம், ஒரே கார், ஒரே மின்சாரம். இருந்தும், வசதி குறைந்த வீட்டில் இருப்பவர் ஆறு மடங்கு அதிகம் கொடுக்கிறார்.

இந்த வேறுபாட்டில் வரிக்கும் பங்குண்டு. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு 5 சதவீத வாட் வரி. பொதுச் சார்ஜரில் வாங்கும் மின்சாரத்துக்கோ பல ஆண்டுகளாக 20 சதவீதம் வசூலிக்கப்பட்டு வந்தது. 'ஃபேர்சார்ஜ்' என்ற பிரசார அமைப்பு இதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் ஒன்றாக்கக் கோரி வந்தது. மேலே சொன்ன குடும்பத்தின் கணக்கில் இந்த வரி வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 115 பவுண்ட் வரும்.

வரியைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. எஞ்சிய வித்தியாசத்துக்கு வேறு காரணங்கள் உள்ளன. சார்ஜரை வாங்கி நிறுவும் செலவு, பராமரிப்பு, மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம், நிறுவனத்தின் லாபம் எல்லாம் அந்த 50 பென்ஸில்தான் அடங்க வேண்டும். ஆனால் நள்ளிரவு மின்சாரம் தெருவிளக்குக் கம்பத்துக்கும் மலிவாகத்தானே வருகிறது? அந்த மலிவை வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியும் என்பதற்குச் சான்றாக, சில நிறுவனங்கள் நள்ளிரவுக்குப் பிறகு குறைந்த கட்டணத்தை அறிமுகப்படுத்தியுள்ளன. நகராட்சி இடத்தைத் தரும்போதே இதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக்கினால், விருப்பமாக இருப்பது கடமையாகிவிடும்.

பிழைப்புக்காக ஓட்டுபவர்கள்

குடும்ப காரைவிட, இதன் வலி கூர்மையாகத் தெரிவது வாடகைக் கார் ஓட்டுபவர்களிடம். லண்டனின் மினிகேப் ஓட்டுநர்களில் தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள் கணிசமானோர். அவர்களில் முஸ்லிம்களும் ஏராளம். 2023 ஜனவரி முதல், அங்கே முதன்முறையாக மினிகேப் உரிமம் பெறும் வாகனம் புகையின்றி ஓடும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. சட்டம் அவர்களை மின்சாரத்தின் பக்கம் தள்ளுகிறது. அவர்களில் பலர் வசிப்பதோ வாசலில் இடமில்லாத வீடுகளில்.

நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு 25 யூனிட் தேவை. வீட்டின் நள்ளிரவுக் கட்டணத்தில் அது 2 பவுண்ட். அதிவேகச் சார்ஜரில் 18 பவுண்டுக்கு மேல். மாதம் 25 நாள் ஓட்டினால் வித்தியாசம் 400 பவுண்டைத் தாண்டும். ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு அது. இதோடு வரிசையில் காத்திருக்கும் நேரம் வேறு. அந்த நேரத்தில் சவாரி இல்லை, வருமானமும் இல்லை.

சார்ஜர்கள் எங்கே அமைகின்றன என்பதும் முக்கியம். முதல் சில ஆண்டுகளில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் போன்ற வசதியான பகுதிகளில்தான் அவை அடர்த்தியாக வந்தன. நிறுவனம் லாபம் பார்க்கும் இடத்துக்குத்தான் போகும். மின்சார கார் ஏற்கெனவே அதிகம் உள்ள இடத்தில்தான் லாபம். ஆனால் சார்ஜர் இல்லாத இடத்தில் கார் எப்படி வரும்? இந்தச் சுழலை உடைக்க வேண்டியது சந்தையின் வேலையன்று, அரசின் வேலை.

நடைபாதை யாருடையது?

சார்ஜர் வேண்டும் என்பதில் ஒத்துப்போகும் அண்டை வீட்டார், அதை எங்கே வைப்பது என்பதில் மோதிக்கொள்வது உண்டு. சார்ஜருக்கென ஓர் இடத்தை ஒதுக்கினால், ஏற்கெனவே இடம் கிடைக்காமல் சுற்றும் பெட்ரோல் கார்க்காரருக்கு ஓரிடம் குறைகிறது. ஒதுக்காமல் விட்டால், சார்ஜருக்கு எதிரே பெட்ரோல் கார் நின்றுகொண்டு, சார்ஜ் போட வந்தவர் திரும்பிப் போகிறார். இரண்டுமே நியாயமான மனக்குறைகள்.

வீட்டிலிருந்து நடைபாதையின் குறுக்கே கேபிளை இழுத்துப் போடுவது இன்னொரு பிரச்சினை. பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் செல்பவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய், இருட்டில் வரும் முதியவர் ஆகியோருக்கு அது தடுக்கி விழ வைக்கும் கண்ணி. நம் வசதிக்காகப் பாதசாரிகளின் பாதையை ஆபத்தாக்க நமக்கு உரிமை இல்லை. இதற்கு மாற்றாக, நடைபாதையில் குறுகிய பள்ளம் வெட்டி, அதற்குள் கேபிளைப் பதித்து, மேலே மூடிவிடும் முறை வந்துள்ளது. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 2025இல் இதை விரிவுபடுத்த உள்ளாட்சி மன்றங்களுக்கு 2.5 கோடி பவுண்டை பிரிட்டன் அரசு அறிவித்தது. இதன் பெரிய நன்மை, தெருவில் நிற்கும் காருக்கும் வீட்டு மின்சாரத்தின் மலிவுக் கட்டணம் கிடைத்துவிடும். குறை என்னவென்றால், வீட்டெதிரே உள்ள இடம் நமக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இது உதவாது.

சார்ஜரின் உயரம், திரை, கேபிளின் எடை ஆகியவை மாற்றுத்திறனாளிகளும் கையாளும்படி இருக்க வேண்டும் என்பதற்காக 2022இல் பிரிட்டனில் தனித் தர விதிமுறை வெளியிடப்பட்டது. ஆயினும் அது கட்டாயச் சட்டமன்று. உயரமான திட்டின் மேல் நடப்பட்ட சார்ஜரை, சக்கர நாற்காலியில் இருப்பவர் எட்டவே முடியாது.

மற்ற நகரங்கள்

ஆம்ஸ்டர்டாம் வேறு வழியில் போனது. சொந்த இடம் இல்லாத ஒருவர் மின்சார கார் வாங்கினால், தன் தெருவில் சார்ஜர் வேண்டும் என்று நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். நடந்து போகும் தூரத்தில் ஏற்கெனவே போதிய சார்ஜர் இல்லையென்றால், நகராட்சி அமைத்துத் தரும். இதனால் தேவை உள்ள இடத்திலேயே சார்ஜர் வந்தது. காரை வாங்கத் தயங்கியவருக்கும் நம்பிக்கை கிடைத்தது. மாலையில் எல்லா வீட்டிலும் மின்சாரம் அதிகம் செலவாகும் நேரத்தில் சார்ஜ் வேகத்தைக் குறைத்து, பிறகு கூட்டும் ஏற்பாட்டையும் அந்நகரம் செயல்படுத்தியுள்ளது.

நியூயார்க் 2021இல் கான் எடிசன் மின் நிறுவனத்துடன் சேர்ந்து, 100 தெருவோரச் சார்ஜர்களுடன் சோதனை முயற்சியைத் தொடங்கியது. 2030க்குள் 10,000 என்பது அதன் இலக்கு. லட்சக்கணக்கான கார்கள் தெருவிலேயே நிற்கும் அந்த நகரத்துக்கு அதுவும் தொடக்கம்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தெருவில் கார் நிறுத்தும் குடும்பம் மின்சார கார் வாங்க நினைத்தால், ஷோரூமுக்குப் போவதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்ப்பது நல்லது.

முதலாவதாக, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் எத்தனை சார்ஜர்கள் உள்ளன, இரவு ஒன்பது மணிக்கு அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். வரைபடத்தில் தெரியும் எண்ணிக்கையைவிட இதுவே உண்மை நிலை.

இரண்டாவதாக, அவற்றின் யூனிட் கட்டணத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 2023இல் வந்த விதிகளின்படி, கட்டணத்தை யூனிட் கணக்கில் தெளிவாகக் காட்ட வேண்டும். இரவுச் சலுகை உண்டா, சார்ஜ் முடிந்த பின்னும் காரை எடுக்காவிட்டால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் வசதி உண்டா என்று விசாரியுங்கள். பகலில் எட்டு மணி நேரம் கார் அங்கேதான் நிற்கிறது. மக்கள் கூடும் வழிபாட்டுத் தலங்கள், சமூகக் கூடங்களின் நிர்வாகிகளும் தங்கள் வாகன நிறுத்துமிடத்தில் சார்ஜர் அமைப்பதைப் பற்றி யோசிக்கலாம். கூட்டமில்லாத இரவு நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு அது பெரிய உதவி.

நான்காவதாக, உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் சார்ஜர் கோரும் படிவம் இருந்தால் நிரப்பி அனுப்புங்கள். பல மன்றங்கள் அடுத்த சார்ஜரை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது இந்தக் கோரிக்கைகளைப் பார்க்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் கேட்டால், அவர்கள் தெருவுக்குத்தான் சார்ஜர் போகும். நம் தெருவில் கேட்பாரில்லை என்றால், தேவை இல்லை என்றே கோப்பில் பதிவாகும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும்

மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ நெருக்கமான தெருவில் குடியிருப்பவருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அங்கே கேள்வி காரைவிட ஸ்கூட்டரைப் பற்றியதாக இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லக்கூடிய வண்டியென்றால் சமாளிக்கலாம். கழற்ற முடியாத வண்டியென்றால், கீழ்த்தளத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்க வீட்டு உரிமையாளரோ குடியிருப்போர் சங்கமோ சம்மதிக்க வேண்டும். வரியிலும் இதே வேற்றுமை உண்டு. வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பொதுச் சார்ஜிங் சேவைக்கோ 18 சதவீதம். லண்டனில் இருபதாயிரம் சார்ஜர்கள் வந்த பிறகு பேசப்படும் கட்டண நியாயத்தை, நம் நகரங்கள் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

தெருவோரச் சார்ஜர்களை விரிவுபடுத்துவது வரவேற்கத்தக்கது. புகையில்லாத தெரு எல்லோருடைய குழந்தைகளின் நுரையீரலுக்கும் நல்லது. ஆனால் எத்தனை சார்ஜர்கள் திறக்கப்பட்டன என்ற அறிவிப்பை மட்டும் வைத்து வெற்றியை அளக்கக் கூடாது. வாசல் இல்லாதவர் ஒரு யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறார், வாசல் உள்ளவர் என்ன கொடுக்கிறார் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி குறைகிறதா என்பதே நாம் நம் வார்டு உறுப்பினரிடமும் நகராட்சியிடமும் ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டிய கேள்வி.